வார விடுமுறையும் திருகோணமலைக் கடைத்தெருவும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

சில கிழமைகளுக்கு முன் தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். திருகோணமலை இளைஞர்களும் யுவதிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கும் வருவதில்லை, ஊர்க்காரியங்களுக்கும் வருவதில்லை, கேட்டால் 'வேலை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், ஏழு நாளும் உழைத்து இவர்கள் எந்தக் கோட்டையைக் கட்டப்போகிறார்கள், இது காசாசையன்றி வேறென்ன என்பது அவருடைய கேள்வி. அவருடைய கவலையில் பாதி எனக்கும் உண்டு. மற்றப் பாதியில் மாறுபடுகிறேன். இந்நகரின் கடைகளில் 38 ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் என்ற வகையில், விடுமுறை நாளில் யார் வேலைக்கு வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்பதைப் பேரேட்டின் பக்கத்திலிருந்து பார்த்துவந்தவன் நான்.

நின்றால் ஊரே நின்றுவிடும் என்னும் வகையான வேலைகளைப் பற்றி இங்கு நான் பேசவில்லை. வைத்தியசாலைத் தாதியர், மின்கம்பியில் ஏறுவோர், துறைமுகத்தில் கப்பலை உள்ளே எடுத்துவருவோர், கொழும்பிலிருந்து இரவு ரயிலை ஓட்டி வருவோர், விடியமுன் பாண் போடுவோர் ஆகியோர் முறை வைத்து வேலை செய்துதான் ஆகவேண்டும். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது. என்னுடைய கேள்வி, நின்றால் எதுவும் கெட்டுப்போகாத வேலைகளைப் பற்றியது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒரு கதவுப் பிணைச்சலோ, ஒரு முழம் சீத்தைத் துணியோ, கைத்தொலைபேசிக்கு ஒரு மூடியோ கிடைக்காவிட்டால் எவருக்கும் உயிர் போய்விடாது. அப்படியிருந்தும் மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் அந்த நேரத்தில் கடைகள் திறந்திருக்கின்றன, உள்ளே விளக்குகள் எரிகின்றன, நான்கு பெண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். வாங்க வந்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர்தான். அவர்களிலும் ஒருவர் விலை மட்டும் கேட்டுப் போக வந்தவராக இருப்பார்.

அன்பர் 'காசாசை' என்றார். அந்தச் சொல் பொருந்துமா என்று பார்க்க, நான் கிட்ட நின்று கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இதில் என் பங்கும் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நான் கணக்கெழுதிய கடையொன்றில் காசாளர் மேசைக்கு ஒரு பெண்பிள்ளை வேலைக்கு வந்தாள். பாலையூற்றுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவள். கடை காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு ஏழு மணிக்குப் பூட்டும். ஞாயிறுகளில் எட்டிலிருந்து பகல் ஒரு மணிவரை. சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம், ஆறு நாளைக்கு அறுபது, ஞாயிறு ஐந்து, ஆகக் கிழமைக்கு 65 மணித்தியாலம். இந்நாட்டில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம், நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறை செய்திருக்கிறது. ஐந்து நாள் எட்டெட்டாக நாற்பது, ஆறாம் நாள் அரைநாளாக ஐந்து என்று கூட்டிப் பார்த்தால் அந்த 45 எப்படி வந்தது என்பது விளங்கும். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. அந்த மேலதிக நேரமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. கிழமையில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்த ஒவ்வொருவருக்கும், சம்பளம் வெட்டாமல் ஒன்றரை நாள் வார விடுமுறை உண்டு. எழுபது ஆண்டுப் பழைய சட்டம் இது. இதில் ஒளிவு மறைவு எதுவுமில்லை. எங்கள் கடையின் 65ஐ அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மேலதிக நேரத்தின் உச்சவரம்பைச் சேர்த்தாலும் 57தான் வருகிறது.

ஆனால் வரவு இடாப்பில் எல்லாம் சரியாக இருந்தது. இடாப்பை எழுதியவன் நான். ஒவ்வொரு மாதமும் சம்பளம் போடுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் நீல மையால் 'வி' என்றும், சனிக்கிழமைக் கட்டங்களில் 'அ' என்றும் நிரப்பிக்கொண்டு போவேன். 'வி' என்றால் விடுமுறை, 'அ' என்றால் அரைநாள். ஒரு ஞாயிறு காலை, மாதக் கடைசியாதலால், அந்த வேலையை அவளுடைய மேசையின் மூலையிலேயே வைத்துச் செய்துகொண்டிருந்தேன். கையொப்பமிட இடாப்பை அவள் பக்கம் திருப்பியபோது, மீதிக்காசு எண்ணிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, அன்றைய திகதிக்கு நேரே இருந்த 'வி'யை விரலால் தொட்டு, "ஐயா, நான் இண்டைக்கு வீட்டிலயா நிக்கிறன்?" என்று கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டே கேட்டதால் நானும் சிரித்தேன். அவள் கையொப்பமிட்டாள். எண்ணி முடித்த மீதிக்காசை வாடிக்கையாளரிடம் கொடுத்தாள். அந்தக் கடையில் அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் நான் 'வி' போட்டேன்.

அவள் ஏன் முறையிடவில்லை என்று கேட்கலாம். ஞாயிறு வந்ததற்காக முதலாளி சிறு தொகையொன்றைக் கடித உறையில் வைத்துத் தனியே கொடுப்பார். அது எந்த ஏட்டிலும் ஏறாது. அந்த உறைக்காசுதான் அவளுடைய தம்பியின் ரியூசன் கட்டணம். ஒன்றரை மடங்கு என்று கணக்குப் பார்த்தால் அது சட்டம் சொல்லும் தொகைக்குக் கிட்டவும் நிற்காது. ஆனால் ஞாயிறு வேலை இல்லையென்றால் அதுவும் இல்லை. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இந்நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டதையும், பிறகு அந்த வீதம் இறங்கியதேயன்றி ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பதையும் இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு ஆறு நாள் சம்பளத்தில் ஓடிய வீடு இப்போது ஏழாம் நாளையும் கேட்கிறது. அரச உத்தியோகத்தர் ஒருவர் சனி ஞாயிறுகளில் ஓட்டோ ஓட்டுவதும், ஆசிரியர் தனியார் வகுப்பெடுப்பதும் இதே கணக்கில்தான். காசாசை உள்ளவர் எந்தத் தொழிலிலும் இருப்பார். ஆனால் நான் சம்பளம் எண்ணிக் கொடுத்தவர்களில், ஞாயிறு உறையை வாங்கி மிச்சம் பிடித்தவர் என்று ஒருவரையேனும் எனக்கு நினைவில்லை.

முறையிட விரும்புவோருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தொழில் திணைக்களத்தின் அலுவலகம் திங்கள் முதல் வெள்ளிவரை திறந்திருக்கும். சனி ஞாயிறில் பூட்டியிருக்கும். அங்கு பணிபுரிவோருக்கும் வார விடுமுறை வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் தனக்கு லீவு கிடைப்பதில்லை என்று முறையிடப் போகிறவர் அதற்காக ஒரு நாள் லீவு எடுக்கவேண்டியிருக்கிறது. பரிசோதனைக்கு வரும் உத்தியோகத்தரும் கிழமை நாட்களில்தான் வருகிறார். அவர் காண்பது இடாப்பை, அதாவது என் நீல மையை.

இனி முதலாளிமாரின் பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர்களில் பெரும்பாலானோர் பெருந்தனவந்தர்கள் அல்லர். கடைக்குப் பின்னாலேயே வீடு, கடையின் அடைமானத்தில் வீட்டுக் கடன், காசு மேசையில் மனைவி, களஞ்சியத்தில் மகன் என்று நடக்கிற கடைகள் அவை. அவர்களும் ஞாயிறு மாலையில் அங்கேதான் நிற்கிறார்கள். ஏன் பூட்டவில்லை என்று நான் கேட்டவர்களில் ஒருவர்கூட ஞாயிறு வியாபாரம் நல்லது என்று சொன்னதில்லை. எதிர்க்கடை திறந்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஒரு வாடிக்கையாளர் ஒரு முறை எதிர்ப்பக்கம் போய்விட்டால், அங்கே அவருக்கு ஒரு கதிரையும் ஒரு பிளேன்ரீயும் கிடைத்துவிட்டால், பிறகு திங்கட்கிழமையும் அங்கேதான் போவார் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அந்த வீதியில் உள்ள எல்லோருக்கும் அதே பயம் இருப்பதால், எவருக்கும் இலாபமில்லாத ஒரு காரியத்தை எல்லோரும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறார்கள்.

பூட்டினால் வியாபாரம் போய்விடும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே கண்முன் ஒரு மறுப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போய்ப் பாருங்கள். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகும்போது கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் சத்தம் கேட்கும்; சிறிது நேரத்தில் வீதியில் ஆட்டையும் மாட்டையும் தவிர வேறெதுவும் நிற்காது. என் முதல் ஏழு ஆண்டுகள் நகரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் இரும்புக் கடையிலேதான் கழிந்தன. வெள்ளி பன்னிரண்டு மணிக்குப் பூட்டி இரண்டு மணிக்குப் பிறகு திறப்பார். அதனால் ஒரு மூடை சீமெந்து குறைவாக விற்றதாக எந்த மாதக் கணக்கிலும் நான் காணவில்லை. மேசன்மார் வியாழன் பின்னேரமே வந்து ஆணி, கம்பி, சல்லடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். தவறவிட்டவர் இரண்டு மணிக்குத் திறக்கும்வரை வாசலில் குந்தியிருந்து பீடி பற்றுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் பூட்டுவதும், எப்போது பூட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதும்தான் இதன் இரகசியம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்து, பாதைப் படகுக்காகக் காத்திருந்த காலம் போய், அங்குள்ளவர்கள் நினைத்த நேரத்தில் நகருக்கு வந்து வாங்கிப் போகலாம் என்றான பிறகும், வெள்ளிக்கிழமைக் கதவுகள் இறங்காமல் விட்டதில்லை. தனியொரு கடை பூட்டினால் அது நட்டம். தெரு முழுவதும் பூட்டினால் அது வழக்கம்.

ஓய்வு என்பது எண்ணிக்கையில் எத்தனை நாள் என்பது மட்டுமல்ல, யாரோடு சேர்ந்து கிடைக்கும் நாள் என்பதுதான் அதில் பெரிய பங்கு என்று சொல்லவே இதை எழுதத் தொடங்கினேன். என் தங்கையின் மகன் உப்புவெளியில் ஒரு ஹொட்டேலின் சமையலறையில் இருக்கிறான். அவனுடைய தொழிலில் வார இறுதியில் வேலை என்பது பேச்சுக்கே இடமில்லாதது, ஏனென்றால் அங்கு விற்கப்படும் பண்டமே மற்றவர்களின் வார இறுதி. மே தொடங்கி செப்ரெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், வெள்ளி இரவு கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வான்கள் வந்து இறங்கும். சனி காலையில் புறாத்தீவுக்குப் படகு, மத்தியானம் கோணேசர் கோயிலும் கோட்டைக்குள் மான்களும், மாலையில் கன்னியா வெந்நீரூற்று என்று அவர்கள் சுற்றிவர, ஞாயிறு பகல்வரை இவனுக்கு நிமிர நேரமிராது. முழுநிலவு விடுமுறையான போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்து மூன்று நாள் விடுமுறை சேர்ந்தால் இன்னும் மோசம். விருந்தினர் பற்றுச்சீட்டில் சேரும் 10 வீத சேவைக் கட்டணம் ஊழியர்களுக்குப் பகிரப்படுவதால், அறைகள் நிரம்பும் நாட்களில் நிற்பதைத்தான் அவனும் விரும்புகிறான். வாடைக்காற்றுத் தொடங்கி மழை பிடித்தால் அறைகள் வெறிச்சோடும், பங்கும் சுருங்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே அவனுக்குப் புதன்கிழமை ஓய்வு. குறைசொல்ல முடியாத ஏற்பாடு.

அவன் மனைவி நகரில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் காசாளர். அவளுக்கு ஓய்வு செவ்வாய். மகள் மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். அவளுக்கு ஓய்வு சனியும் ஞாயிறும். ஆளுக்கொரு நாளாக அந்த ஒரே வீட்டில் மூன்று ஞாயிறுகள் இருக்கின்றன. அந்த மூன்றில் எதிலும் மூவரும் ஒன்றாக இருப்பதில்லை. செவ்வாய் பகல் தாய் துணி தோய்த்துவிட்டு வெறும் வீட்டில் படுத்திருப்பாள், புதன் பகல் தகப்பன் அதே வெறும் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பான், ஞாயிறு பகல் பிள்ளை என் வீட்டில் இருந்து வாய்ப்பாடு எழுதுவாள். சட்டப்படி பார்த்தால் அந்த வீட்டில் எவருக்கும் ஓய்வு மறுக்கப்படவில்லை.

இப்படி ஒரு ஏற்பாட்டை ஒரு தேசமே திட்டமிட்டுச் செய்து பார்த்ததுண்டு. சோவியத் ஒன்றியத்தில் 1929இல், ஆலைகள் ஒரு நாளும் நிற்கக்கூடாது என்பதற்காக ஏழு நாள் வாரத்தையே எடுத்துவிட்டு, தொழிலாளரை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் கொடுத்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை ஓய்வு என்று வைத்தார்கள். கணக்குப்படி ஓய்வு நாள் முன்னையதைவிடக் கூடியிருந்தது. ஆனால் கணவன் ஒரு நிறம், மனைவி ஒரு நிறம் என்று வீடுகள் பிரிந்துபோயின. கூட்டம் கூட்டவும் முடியவில்லை, நண்பர்கள் சந்திக்கவும் முடியவில்லை. இரண்டே ஆண்டில் அதைக் கைவிட்டு எல்லோருக்கும் பொதுவான ஓய்வுள்ள ஆறு நாள் வாரமாக்கினார்கள். 1940இல் அதையும் விட்டு ஏழு நாள் வாரத்துக்கே திரும்பினார்கள். அங்கு அரசாங்கம் கட்டளையிட்டுச் செய்ததை, இங்கே எவரும் கட்டளையிடாமலேயே நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்.

எங்கள் நாட்டிலும் வாரத்தைத் தொட்டுப் பார்த்த காலம் ஒன்று உண்டு என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். பிரதமர் டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கத்தில், 1966 முதல், ஞாயிறு வார விடுமுறையாக இருந்தது நின்று, போயா தினங்கள் விடுமுறையாயின. முழுநிலவு, அமாவாசை, இரண்டுக்கும் இடைப்பட்ட எட்டாம் நாட்கள் என்று மாதத்தில் நான்கு போயாக்கள். போயாவுக்கு முந்திய நாள் அரைநாள். சந்திரன் ஏழுக்குக் கட்டுப்படாதாகையால், சில வாரங்களில் வேலைநாள் ஒன்று கூடும், சிலவற்றில் ஒன்று குறையும். நான் அப்போது ஒன்பது வயதுப் பாடசாலைப் பையன். நாளைக்குப் பள்ளிக்கூடமா இல்லையா என்று இரவில் நாட்காட்டியின் முன் நின்று பார்க்க வேண்டியிருந்தது நினைவிருக்கிறது. என் பக்கத்து வாங்கில் இருந்த கத்தோலிக்கப் பையன் ஞாயிறு காலையில் பூசை கண்டுவிட்டு, சட்டைப்பையில் செபமாலையோடு வகுப்புக்கு ஓடிவருவான். உலகத்தின் வங்கிகளும் கப்பற் கம்பனிகளும் ஞாயிற்றில் பூட்டியிருக்க, நாங்கள் திறந்திருந்தோம். நாங்கள் பூட்டியிருந்தபோது அவர்கள் திறந்திருந்தார்கள். 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தோடு ஞாயிறு திரும்பி வந்தது. முழுநிலவுப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. அன்று ஒருவரை வேலைக்கு வைத்தால் ஒன்றரை நாள் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ஐந்தாண்டுகளைப் பலர் கேலியாக நினைவுகூர்வார்கள். நான் அதில் ஒரு நல்லதையும் காண்கிறேன்: எந்த நாள் என்பதில்தான் குழப்பம் இருந்ததே தவிர, விடுமுறை என்றால் வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

ஞாயிறு எங்களுக்குப் பரம்பரையாக வந்த நாளும் அல்ல. ஐரோப்பியர் ஆட்சியோடு வந்தது அது. அதற்கு முன் தச்சரும் தட்டாரும் அமாவாசையில் உளியையும் சுத்தியலையும் கீழே வைத்தார்கள். வலைத் தொழில் செய்வோருக்கு இன்றும் நிலவுதான் நாட்காட்டி: முழுநிலவை ஒட்டிய இரவுகளில் வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடுமாதலால், அந்த நாட்களில் படகைக் கரையேற்றி வலை பொத்துவார்கள். வெள்ளிக்கிழமை கடலுக்கு இறங்காதவர்களும் உண்டு, ஞாயிறு பூசைக்காகச் சனி இரவு இறங்காதவர்களும் உண்டு. தம்பலகாமத்து வயலில் சூடு மிதிக்கும் காலத்தில் கிழமையைக் கேட்பவர் எவருமில்லை. சூடு முடிந்தபின் கிழமைக் கணக்கில் ஓய்வு. பம்பாயில் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை 1890இல்தான் கிடைத்தது, அதுவும் நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் போராடிய பிறகு. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட் தன் ஆலைகளில் சனி ஞாயிறு இரண்டையும் விட்டது 1926இல். வளைகுடாவில் எங்கள் பிள்ளைகள் வேலை செய்யும் நாடுகளிலும், சவூதி அரேபியா 2013இல் வியாழன் வெள்ளியை வெள்ளி சனியாக்கியது; ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் அரச அலுவலகங்களுக்குச் சனி ஞாயிறை முழுநாளாகவும் வெள்ளியை அரைநாளாகவும் மாற்றிக்கொண்டது. ஆகவே நாளைத் தெய்வம் குறித்ததாக யாரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அதை மாற்றியவர்கள் எல்லோரும் மனிதர்கள்.

எங்கள் அரசாங்கமும் 2022 ஜூனில் ஒரு மாற்றத்தைச் செய்தது. எரிபொருள் இல்லாத அந்த மாதங்களில், அரச ஊழியருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை, வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்று அறிவித்தார்கள். எங்கள் அயலில் ஒரு உத்தியோகத்தர் உண்மையாகவே நான்கு பாத்தி கீரை போட்டார். மற்றவர்கள் வெள்ளிக்கிழமைகளைப் பெற்றோல் வரிசையில் கழித்தார்கள், 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கும் இந்த ஊரில். கடை ஊழியருக்கு அந்த வெள்ளியும் இல்லை, கீரையும் இல்லை.

அப்படியானால் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வியாபாரம் செய்யும் இந்நகருக்கு எந்த நாள் பொதுவாக இருக்க முடியும் என்று கேட்பார்கள். வெள்ளி என்றால் ஒரு பக்கம் நியாயம் உண்டு. பத்திரகாளி அம்மன் வாசலில் வெள்ளி மாலை நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இந்துக்களுக்கும் அது ஏற்ற நாள்தான் என்று தோன்றும். போயா என்றால் மாதத்துக்கு ஒன்றுதான். நான் ஞாயிறு என்பேன்; அதற்குச் சமயம் காரணமல்ல. மூன்று சமூகத்தின் பிள்ளைகளும் பாடசாலை இல்லாமல் வீட்டில் இருக்கும் நாள் அது. ஞாயிற்றை இங்கே கொண்டுவந்தது தேவாலயமாக இருக்கலாம். இன்று அதைத் தாங்கி நிற்பது பாடசாலையின் நாட்காட்டி. அந்தப் பிள்ளைகளை அன்று காலை ஏழு மணிக்கே ரியூசனுக்கு அனுப்பி, அறநெறி வகுப்புக்கு ஆளில்லை என்று பிறகு கவலைப்படுவது தனிக் கதை. அதை வேறொரு கடிதத்தில் எழுதுவேன்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, கிழமைக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 வீதம் கூடுதலென்றும், 2016இல் மட்டும் நீண்ட வேலைநேரத்தோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 7,45,000 பேர் இறந்தனரென்றும் கணக்கிட்டது. 55ஐ எங்கள் கடையின் 65உடன் ஒப்பிடுவதை வாசகரிடம் விடுகிறேன். அலுவலக வேலைக்காரர் சிலர் தாங்கள் இதில் சேரமாட்டோம் என்று நினைக்கக்கூடும். ஞாயிறு மத்தியானம் சோற்றில் கைவைத்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரி அனுப்பும் 'அவசரம்' என்ற செய்திக்குப் பதில் எழுதும் மருமக்களை என் வீட்டிலேயே காண்கிறேன். பிரான்ஸில் 2017 முதல், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலைநேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஊழியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே சோறு ஆறிப்போகும்.

நான் கேட்பது பெரிதல்ல. நகரின் கடைகள் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரே நேரத்தில் பூட்டட்டும். மருந்துக் கடையும் சாப்பாட்டுக் கடையும் முறை வைத்துத் திறக்கலாம். வெள்ளி நண்பகலில் ஏற்கனவே பூட்டும் கடைக்காரர்கள் தங்களுக்கு அந்த இரண்டு மணித்தியாலத்தை ஈடாகக் கேட்டால், அவர்கள் சனி இரவு ஒரு மணித்தியாலம் பிந்திப் பூட்டுவதை மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளலாம். அன்று வரும் உறைக்காசு நின்றுபோகாமல், சட்டப்படியான மேலதிகக் கொடுப்பனவைக் கிழமை நாட்களின் நீண்ட மணித்தியாலங்களுக்குக் கொடுத்து, அதை ஏட்டில் எழுதவேண்டும். இல்லையேல் நான் கேட்கும் ஓய்வு அந்தப் பாலையூற்றுப் பிள்ளையின் தம்பிக்குத் தண்டனையாகிவிடும். ஹொட்டேல்களில் ஞாயிறு பூட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். அடுத்த கிழமைக்கான ஓய்வு நாளை முந்திய வியாழனுக்குள் சுவரில் ஒட்டுவதும், கணவனோ மனைவியோ வேறிடத்தில் வேலை செய்கிறார் என்றால் மாதத்தில் இரண்டு முறையாவது இருவருக்கும் ஒரே நாள் வரும்படி பார்ப்பதும் முடியாத காரியங்கள் அல்ல. தொழில் திணைக்களத்து உத்தியோகத்தர் மாதத்தில் ஒரு ஞாயிறு மத்திய வீதியில் நடந்து போகட்டும். அவருக்குத் திங்கள் ஓய்வு கொடுக்கலாம்.

இதை எழுதுமுன், வெறும் பேச்சாக இருக்கக்கூடாதென்று, நான் கடைசியாகக் கணக்கெழுதிய கடைக்குப் போனேன். முதலாளி தேநீர் தந்து முழுவதையும் கேட்டுவிட்டு, "எதிர்க்கடைக்காரர் பூட்டினால் நானும் பூட்டுகிறேன்" என்றார். வீதியைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன். பன்னிரண்டு அடி தூரமிருக்கும். அவரும் தேநீர் தந்தார், அவரும் முழுவதையும் கேட்டார், அவரும் அதையே சொன்னார். அப்படியானால் இருவரும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், நான் வந்து நடுவில் இருக்கிறேன், எந்த நாள் வசதி என்று கேட்டேன். இருவருமே தனித்தனியாக யோசித்து, கிழமையில் வியாபாரம் மந்தமான நேரம் ஞாயிறு பின்னேரம் ஒன்றுதான், ஆனால் அன்று கடையை விட்டு வரமுடியாது என்றார்கள். வர்த்தகர் சங்கத்தினர் யாரேனும் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், இந்த இரண்டு கடைகளும் எவை என்பதை நேரில் சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.